எம்புட்டு நைஸ்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிகூட ஆகவில்லை. இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என் சிநேகிதி செண்பகம்.

"ஏட்டி, நைஸ்னா என்ன அர்த்தம்?" என்றாள். ஹலோ கிடையாது, என்ன செய்யுற கிடையாது.

"நல்லா இருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

"எம்புட்டு நல்லா?"

கரண்டி அந்தரத்தில் நின்றுவிட்டது. இத்தனை வருஷமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். நீங்களும் என்னென்னவோ கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். ஒருத்தராவது இப்படி ஒரு கேள்வி கேட்டதுண்டா? நல்லா இருக்கு... சரி. ஆனால் எம்புட்டு?

"கோதை கல்யாணமே இந்த ஒத்த வார்த்தையிலதான் நிக்கி. சாப்பிட்டுட்டு நேரா பஸ் ஏறு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கோதை, செண்பகத்தின் ஒரே மகள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். வரிசையாக மாப்பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு ஒருத்தரையும் பிடிக்கவில்லை. ஒருத்தர் தன் பெருமையையே முக்கால் மணி நேரம் பேசினார். இன்னொருத்தர் செல்போனை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. செண்பகம் கும்பிடாத சாமி இல்லை.

கடைசியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சரவணன் வந்தான். எங்கள் இராஜபாளையத்துப் பையன்தான். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி செய்கிற கம்பெனியில் செக்கர். அதிகம் பேசவில்லை. பஜ்ஜி சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்தானாம். அவர்கள் போனபிறகு கோதை மிச்சமிருந்த பஜ்ஜியை எல்லாம் ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெத்தவளுக்குத் தெரியாதா? விழுந்துட்டா என்று செண்பகம் கணக்குப் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் கோதையே அவனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். சுத்தமான இங்கிலீஷில், கமா, கேள்விக்குறி எல்லாம் சரியாகப் போட்டு. நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா, எங்கள் வீட்டையும் எங்களையும் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று. 'எங்களை' என்று எழுதினாலும் 'என்னை' என்றுதான் கேட்டிருக்கிறாள். இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதில் வந்தது. ஒரே வார்த்தை. நைஸ். பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி. பூ இல்லை, சிரிக்கிற பொம்மை இல்லை... ஒன்றும் இல்லை.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். கோதையின் வகுப்பறைக்கு நீங்கள் போனதில்லை. அங்கே சுவரில் ஒரு சார்ட் தொங்குகிறது. தலைப்பு – 'நைஸுக்கு லீவு'. அதன் கீழே நைஸுக்குப் பதிலாக எழுத வேண்டிய இருபத்திரண்டு வார்த்தைகள், கலர் கலராக. ஒரு தடவை ஒரு பிள்ளை கட்டுரையில் 'என் அப்பா நைஸ், எங்கள் மாடு நைஸ், எங்கள் ஹெட்மாஸ்டர் நைஸ்' என்று எழுதிவிட்டாள். உங்க அப்பாவும் மாடும் ஹெச்.எம்.மும் ஒண்ணாம்மா என்று கேட்டு, அன்றைக்கே கோதை அந்த சார்ட்டை எழுதி மாட்டினாள். அதன்பிறகு எந்த நோட்டில் நைஸ் இருந்தாலும் சிவப்பு மையில் வட்டம்தான்.

அப்பேர்ப்பட்டவளுக்கு, மனசுக்குப் பிடித்த முதல் மாப்பிள்ளை அனுப்பிய முதல் வார்த்தை அது!

இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் புதன்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். இடையில் இருப்பது மூன்றே நாள்.

நான் ஒரு தடிமனான டிக்ஷனரியைக் கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இம்புட்டுக் கனமா பால்கோவாவைத் திருவில்லிபுத்தூருக்கேவா கொண்டு போறீக என்று கேட்டார்.

போனால், வீட்டில் கோர்ட்டே நடந்துகொண்டிருந்தது. சும்மா சொல்லவில்லை. செண்பகத்தின் தம்பி ராமர் வக்கீல் குமாஸ்தா. தாய்மாமன் வேறு. கேட்க வேண்டுமா? முதல் வேலையாக அந்த மெசேஜை ஸ்கிரீன் ஷாட் எடுத்து நாலு பேருக்கு அனுப்பி வைத்திருந்தார், ஆதாரம் அழிந்துவிடக் கூடாதாம். பையன் நைஸா நழுவப் பாக்கான் என்பது அவர் கட்சி. செண்பகம் எதிர்க்கட்சி. மாவு நைஸா இருக்குன்னா நல்லாத்தானே அரைஞ்சிருக்குன்னு சொல்லுதோம், அது பாராட்டு இல்லாம என்ன என்றாள். அதுக்காக எம்மவளை உரல்ல போட்டு ஆட்டவா முடியும் என்றார் செண்பகத்தின் வீட்டுக்காரர். அவர் பால்கோவாக் கடை வைத்திருக்கிறார். எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி.

கோதைக்குக் கண் சிவந்திருந்தது. சட்னிக்கு வெங்காயம் உரித்ததால் என்றாள். சட்னியில் வெங்காயமே இல்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு என்ன வார்த்தை எதிர்பார்த்தே என்று கேட்டேன். அவ்வளவுதான், டீச்சர் விழித்துக்கொண்டாள். ப்ளெசன்ட் என்று போட்டிருந்தால்கூட சும்மா விட்டிருப்பாளாம், ஆனால் அது மலைக்காற்றுக்குச் சொல்கிற வார்த்தை. க்யூட் என்றால் நாய்க்குட்டி. லவ்லி என்று போட்டிருந்தால் கொஞ்சம் அதிகம், சந்தேகம் வந்திருக்கும். சார்மிங் என்று போட்டிருந்தால் சந்தேகமே இல்லை, ஃபிராடு. கைண்ட் என்றால் பஜ்ஜிக்கு நன்றி. டிலைட்ஃபுல்... அந்த வார்த்தையைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அதுதான் அவள் எதிர்பார்த்தது என்று எனக்குப் பட்டது.

"நைஸ்ங்கிறது யோசிக்காம எழுதுறது, அத்தை. பேனாவை வச்சா தானா வர்றது. என்னைப் பத்தி அவங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை."

அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னதும், ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று டிக்ஷனரியைத் திறந்தேன். என் வாய்க்கு ஒரு பூட்டு இருந்திருக்கலாம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பின்னால் போட்டிருந்தது. அதைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். பல நூறு வருஷத்துக்கு முன்னால் நைஸ் என்றால் முட்டாள் என்று அர்த்தமாம்.

ராமர் மெதுவாக செல்போனை எடுத்து டிக்ஷனரிப் பக்கத்தையும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். கோதை எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செண்பகம் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் பகீர் என்கிறது. "உன்னைய எதுக்குடி கூப்பிட்டேன்... நீ கெடுத்ததை நீயே சரி பண்ணு. ராஜபாளையத்துலதான இருக்க? கம்பெனிக்குப் போய் அந்தப் பையன் எப்படின்னு விசாரிச்சுட்டு வா" என்றாள்.

இந்த விசாரிப்பு நம்ம பக்கத்தில் ஒரு தனிக் கலை. பெண் வீட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்று தெரியாமல் விசாரிக்க வேண்டும். வாடகைக்கு வீடு பார்க்கிற மாதிரிப் போகலாம், அட்ரஸ் மாறி வந்த மாதிரி நிற்கலாம். கட்டுத் துணிக் கம்பெனிக்கு என்ன சொல்லிப் போவது?

திங்கட்கிழமை காலையில் எங்க வீட்டுக்காரரின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். இவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இந்தப் பத்தியை முதலில் படிக்கிறவர். படித்துவிட்டு 'நல்லாருக்கு' என்பார். உப்புப் போட மறந்த ரசத்துக்கும் அதே நல்லாருக்கு. அதனால் அபிப்பிராயம் எதுவும் கேட்காமல் அவர் கட்டைவிரலில் ஒரு கட்டுப் போட்டேன். நன்றாக இருக்கிற விரல்தான். அய்யனார் கோவில் அருவியில வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லணும், நல்ல துணியா நேரடியா கம்பெனியிலயே வாங்க வந்தோம்னு சொல்லணும் என்று பாடம் நடத்தினேன். எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம்.

ஒரு ரோல் துணி வாங்கக் கம்பெனிக்கு யாராவது வருவார்களா? வாட்ச்மேன் எங்களை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் விரலைப் பார்த்தார். பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், உள்ளே விட்டுவிட்டார்.

பேக்கிங் செக்‌ஷனில் பாக்கியம் என்று ஒரு அக்கா இருந்தார். நல்ல வேளையாக வாயாடி. நான் சுற்றி வளைத்து, இங்கே துணியெல்லாம் யாரு செக் பண்ணுவாக, நல்லா பண்ணுவாரா என்று கேட்கவும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார்.

ஒரு கண்ணாடி மேசை. அடியில் ட்யூப் லைட். மேலே துணி ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் நின்று பார்த்தேன். போட்டோவில் பார்த்த அதே சரவணன், குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். இழை அறுந்திருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா... கண்ணைச் சிமிட்டினானா என்றே தெரியவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை குறையை மட்டுமே தேடுகிற வேலை. வாயிலிருந்து நல்ல வார்த்தை எப்படி வரும்?

"நம்ம தம்பி சொக்கத் தங்கம். ஆனா புகழ்ந்து ஒரு வார்த்தை வராது" என்றார் பாக்கியம் அக்கா. ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு ரோலுக்கும் கடைசிக் கட்டத்தில் அவன் கையெழுத்தில் ஒரு வார்த்தை. ரிஜெக்ட். ஓகே. ஓகே. ரிஜெக்ட். ஓகே என்றால் பெருமைப்பட ஒன்றும் இல்லையாம், ஏதோ உள்ளூருக்குத் தள்ளிவிடலாம் என்று அர்த்தம். அதற்கு மேலே குட். அது வெளியூருக்குப் போகும். ஓனரே வந்து நின்று, எக்ஸலண்ட்னு போடுப்பா, பாக்கிறவனுக்கு அழகா இருக்கும் என்று சொன்னாராம். அடுத்த லோடு அப்படி இல்லேன்னா நம்மகிட்டதான சண்டைக்கு வருவான், தாங்க முடியாத வார்த்தையை எழுத மாட்டேன் சார் என்று சொல்லிவிட்டானாம்.

"அப்ப குட்டுதான் பெருசா?" என்று கேட்டேன்.

பாக்கியம் அக்கா குரலைத் தாழ்த்தினார். "அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. நைஸ்."

ரிஜிஸ்டரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஒரு குறைகூட இல்லாத ரோலுக்கு மட்டும்தான் நைஸ். வருஷத்தில் ஒன்று விழுந்தால் பெரிசு. அது விழுந்த அன்றைக்குக் கம்பெனியில் ஒரு வழக்கம் – எல்லாருக்கும் ஓனர் செலவில் உளுந்தவடை. அந்த ரிஜிஸ்டர் முழுவதும் தேடினோம். ஒரே ஒரு நைஸ், அதுவும் போன வருஷத்தது. பக்கத்தில் எண்ணெய்க் கறை.

"இந்த வருஷம் இன்னும் விழலையோ?" என்றேன்.

"ரிஜிஸ்டர்ல விழலை. ஆனா சனிக்கிழமை வடை தின்னோம்!" என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார் அந்த அக்கா. சனிக்கிழமை காலையில் தம்பிக்கு ஒரு மெசேஜ் வந்ததாம். மெஷினை நிறுத்திவிட்டான். மெஷினை அவன் நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அப்புறம் ஒரு வார்த்தை அடித்தான். பின்னால் நின்ற பாக்கியம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஏலே, நைஸா, எந்த ரோலுக்குலே என்று கத்தியிருக்கிறார். பையனுக்கு முகம் செவந்து போச்சாம். யாருக்கு என்று கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் வழக்கம் வழக்கம்தானே? பேசாமல் வெளியே போய், தன் காசில் மொத்த செக்‌ஷனுக்கும் வடை வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, மறுபடி மேசைக்குப் போய்விட்டானாம்.

அந்த இடத்திலேயே அவனுக்குத் திருஷ்டி சுத்திப் போடலாம் போல இருந்தது. வாட்ச்மேனைத் தாண்டி ரோட்டுக்கு வந்ததும் செண்பகத்துக்குப் போன் போட்டேன். நடுவில் கோதை போனை வாங்கிக்கொண்டாள். முதலிலிருந்து நைஸ் கதை முழுவதையும் சொன்னேன். மெஷின் நின்றது, அரை மணி நேரம், வடை, எண்ணெய்க் கறை.

"அரை மணி நேரம் யோசிச்சாங்களா, அத்தை?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். வடையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

அன்றைக்கு சாயங்காலம் செண்பகம் கூப்பிட்டாள். கோதை சம்மதித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை நல்ல காரியம் பேச வேண்டாம், புதன்கிழமை காலையில முறையா தகவல் சொல்லலாம்னு ராமர் தீர்ப்புச் சொல்லிட்டான் என்றாள். நான் நிம்மதியாகக் கால் நீட்டி உட்கார்ந்தேன். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்... முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் டூவீலர் சத்தம். பார்த்தால் சரவணன். முகம் வாடிக் கிடந்தது. உள்ளே வந்ததும் முதலில் எங்க வீட்டுக்காரரின் கட்டைவிரலைத்தான் பார்த்தான்.

"மாமா, நேத்து நீங்க வந்ததைப் பார்த்தேன். அருவியில தண்ணி விழுந்து ரெண்டு மாசமாச்சு. அந்தக் கட்டுத் துணியும் நம்ம கம்பெனி இல்ல, இழை லூசா இருந்துச்சு" என்றான். எங்க வீட்டுக்காரர் விரலை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டார். சாயங்காலமே பாக்கியம் அக்காவிடம் விசாரித்து, நாங்கள் பெண் வீட்டுப் பக்கம் என்று கண்டுபிடித்து, வாட்ச்மேன் நோட்டில் இருந்த அட்ரஸைப் பார்த்துத் தேடி வந்திருக்கிறான். குறை கண்டுபிடிக்கிறதே தொழில், அவனிடம் போய் நாடகம் போட்டிருக்கிறோம்.

காபியைத் தொடவில்லை. செல்போனை எடுத்து என் முன்னால் நீட்டினான். கோதையிடமிருந்து திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு மெசேஜ்.

ஓகே. பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி.

"ராத்திரி சாப்பாடே இறங்கலை, அத்தை. ஓகேன்னா..." என்று இழுத்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டு கேட்டான். "எம்புட்டு ஓகே?"

சிரிப்பு வந்ததே தவிர, சிரிக்க முடியவில்லை. கோதையிடம் சொல்ல விட்டுப்போனாலும், அவன் ரிஜிஸ்டரில் ஓகே என்றால் என்னவென்று எனக்குத்தான் தெரியுமே. உள்ளூருக்குத் தள்ளிவிடலாம்! தன்னை அப்படி மார்க் போட்டுவிட்டாள் என்று நினைத்து, ராத்திரி முழுக்கப் புரண்டிருக்கிறான்.

உடனே செண்பகத்தைக் கூப்பிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டேன், பையன் பக்கத்தில் இருப்பதை மட்டும் சொல்லவில்லை. நேத்து சாயங்காலம் கோதை என்ன செய்தாள் என்று கேட்டேன்.

"அதை ஏன் கேக்க? ஒரு மணி நேரமா போனைத் தட்டுதா, அழிக்கா, திரும்பத் தட்டுதா. பொறவு டிக்ஷனரியைத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டா. அங்கயும் அதே கூத்து. கடைசியில என்னத்தையோ அனுப்பிட்டு வந்து, எதை எழுதினாலும் பத்தலம்மான்னு என் மடியில படுத்துக்கிட்டா."

சரவணன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. தூசி என்றான். நேற்றுதான் பெருக்கித் துடைத்த வீடு.

"தம்பி, உன்கிட்ட இருந்தது ஒரே வார்த்தை. இருந்த பெரிய வார்த்தையைத் தூக்கிக் குடுத்துட்ட. அவகிட்ட இருபத்திரண்டு இருந்துச்சு. ஒண்ணும் பத்தலை. போதுமா?" என்றேன்.

ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு, காபி குட் அத்தை என்றான். வெளியூருக்கு அனுப்பலாம் என்று சொல்கிறான்... சந்தோஷமாகவே இருந்தது.

புதன்கிழமை காலையில் முறைப்படி போன் போய்விட்டது. அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். அண்ணாச்சி பால்கோவாவைப் பார்த்துக்கொள்கிறார், கம்பெனி ஓனர் வடையைப் பார்த்துக்கொள்கிறாராம். சார்ட்டும் சுவரில்தான் இருக்கிறது. அதில் இருபத்து மூன்றாவதாக ஒரு வார்த்தையைப் புதிதாக எழுதியிருக்கிறாளாம் கோதை. இது எப்படி இங்க வந்துச்சு என்று பிள்ளைகள் கேட்டால், அதுக்கு மட்டும் லீவு முடிஞ்சிருச்சு என்கிறாளாம்.

இதையெல்லாம் எழுதி முடித்து, வழக்கம்போல எங்க வீட்டுக்காரரிடம் நீட்டினேன். கட்டைவிரல் வருகிற இடத்தில் முறைத்தார். கடைசிவரை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வேறு ஒரு வார்த்தை சொன்னார்.

"நைஸ்."

நான் செருப்பை எடுத்து அவர் முன்னால் வைத்து, வடை வாங்குகிற பையைக் கையில் கொடுத்தேன்.